பனி ஏறிய வேலி

ஆறடி என்று சொல்லித்தான் விற்றார் மரக்கடைக்காரர்.
ஆறடிதான், அக்டோபர் வரைக்கும்.
நவம்பரில் ஐந்தானது.
ஜனவரியில் மேற்குக் காற்று
மூன்று ராத்திரி விடாமல் வீசி
சஸ்காட்செவன் வயல்களின் பனியையெல்லாம் வாரிவந்து
என் பலகைகளின் மேல் சாய்த்துவிட,
காலையில் காபியோடு ஜன்னலுக்கு வந்து பார்த்தால்
வேலி என் முழங்கால் அளவு.

அதன்மேல் நிற்கிறாள் பூர்யா.
தாண்டவில்லை. தாண்ட அங்கே ஒன்றுமில்லை.
படியேறுகிறவள் போல நிதானமாக ஏறிப்போய்
மூக்கை உயர்த்தி
ஏழாம் நெடுஞ்சாலையை
வாசித்துக்கொண்டிருந்தாள்.

கீழே தோண்டிப் போவாள் என்றுதான்
எல்லோரும் எச்சரித்தார்கள்.
அதனால் கோடை முழுக்கக் குனிந்தே கிடந்தேன்.
ஓரடி ஆழம் வெட்டி
கோழிவலையை உள்பக்கமாக மடக்கிப் புதைத்தேன்.
கேட்டுக்கு இரண்டு தாழ்ப்பாள்,
மீட்டர் பார்க்க வரும் பையன்
ஒன்றைத்தான் போடுவான் என்பதால்.
விறகு அடுக்கைத் தள்ளி வைத்தேன்,
குப்பைத் தொட்டியையும்.
வானமே வந்து
நாய்க்கு ஏணி சார்த்தும் என்று
ஒருவரும் சொல்லவில்லை.

கூப்பிட்டால் ஓடுவாள். துரத்தினால் அவளுக்கு விளையாட்டு.
அந்தப் பக்கம் நூறு கஜத்தில்
தானிய லாரிகள் நிற்காமல் போகின்றன.
மைனஸ் முப்பத்தொன்றில்
காலுறையோடு பின்கதவைத் திறந்து வைத்துவிட்டு
சமையலறைக்குத் திரும்பி
ஃபிரிட்ஜின் சீஸ் அறையை இழுத்தேன்.
அது கிறீச்சிடும்.
எண்ணெய் விடச் சொல்லி
ஓரிசியா இரண்டு வருஷமாய்ச் சொல்கிறாள்.
இனி விடமாட்டேன்.

"சங்கிலி போடு" என்றான் பக்கத்து வீட்டு லைல்,
தன் வண்டியின் பனியைச் சுரண்டியபடி.
கழுத்தைச் சுற்றி முடி முளைக்காத வளையம் ஒன்றோடு
இந்த வீட்டுக்கு வந்தவள் அவள்.
தவிரவும் சங்கிலியோடு ஏறி
அந்தப் பக்கம் குதித்தால்
தொங்குவாள். 
இதைச் சொன்னதும் லைல்
சுரண்டுவதை நிறுத்தினான்.
சாயங்காலம் தன் பெரிய மண்வாரியைக் கொண்டுவந்து
கேட்டில் சாத்திவிட்டுப் போனான்.

அன்றிலிருந்து வேலைக்குப் போகுமுன் தினமும்
வேலியின் உள்ளோரமாய் ஓர் அகழி.
கோட்டைக்காரர்கள் வெளியே தோண்டுவார்கள்,
நான் உள்ளே.
இடுப்பு சொல்கிறது, வயது ஐம்பத்தெட்டு.
வாரிய பனியை எங்கே கொட்டுவது?
முற்றத்தின் நடுவே கொட்டினேன்.
பத்து நாளில் அது குன்றானது.
குன்றின் உச்சியில் பூர்யா.

டேப்பை எடுத்து அளந்தேன்.
உச்சியிலிருந்து வேலிக்குப் பதினான்கு அடி.
பாய்வாளா?
ஒரு மணி நேரம் ஜன்னலிலேயே நின்றேன்,
வேலைக்குத் தாமதம்.
அவள் பாயவில்லை.
வாலைக் காலடியில் சுருட்டிக்கொண்டு
சாலையைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

முதியோர் இல்லத்தில் ராத்திரி ஷிப்ட் முடித்து
ஓரிசியா அந்த வழியாகத்தான் வருவாள்.
அவள் கார் விளக்கு எனக்குத் தெரிவதற்கு
இரண்டு நிமிஷம் முன்பே
குன்றின் மேல் ஒரு காது திரும்புகிறது.
அன்று வேலிமேல் ஏறியதும்
இதற்காகத்தானோ என்னவோ.
முயலுக்காகவும் இருக்கலாம்.
நாயிடம் வாக்குமூலம் வாங்க முடியுமா?

இன்றைக்கு மறுபடி மேற்குக் காற்று.
கூரைத் தகரம் ஆரம்பித்துவிட்டது.
மண்வாரியை வீட்டுக்குள் எடுத்து வைத்திருக்கிறேன்,
வெளியே விட்டால் காலையில்
அதையே தோண்டித்தான் எடுக்கவேண்டும்.
ஐந்தரைக்கு அலாரம்.
இல்லை, ஐந்துக்கு.